மல்கிரேவ் முசியே

மெல்பன் புறநகரான எங்கள் மல்கிரேவின் பொங்கல் விழாவில் சாம்பாருக்கு எல்லைக்கோடு போட்ட மனிதர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து எடுத்துவந்து, ஹாலில் பொதுவாக வைத்து, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். எந்த மேசையில் இடம் இருக்கிறதோ அதில் பாத்திரத்தை இறக்கிவிட்டு அரட்டைக்குப் போய்விடுவோம். அவர் வந்து சேர்ந்த வருடத்தோடு அந்தச் சுதந்திரம் போயிற்று. எல்லோருக்கும் முன்னால் வந்து, மேசைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டையை நிறுத்தியிருந்தார். தஞ்சாவூர், கொங்கு, நெல்லை, யாழ்ப்பாணம், மன்னார். பாண்டிச்சேரி மேசை மட்டும் சற்றுத் தள்ளி, வெள்ளைத் துணி விரித்து, முள்கரண்டியோடு இருந்தது.

என் மனைவி சாம்பார்ப் பாத்திரத்தோடு போய் நின்றாள்.

"இது எந்த ஊர் சாம்பார்?" என்று கேட்டார்.

"போன்ல பாத்து வெச்சது அங்கிள்."

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கரண்டியால் கிளறி, உள்ளே பூசணியும் புரொக்கொலியும் ஒன்றாக மிதப்பதைக் கண்டார். "இது எங்கயும் சேராதேம்மா" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தார். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு முதலில் தீர்ந்துபோனது அந்த நாடற்ற சாம்பார்தான். என் மனைவி இன்றுவரை அதை அவர் கொடுத்த விருதாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இத்தனை வம்புக்கும் காரணமே அந்தப் பெயர்தான், அதற்கு நான் வேறு விளம்பரம் தர வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை 'முசியே' என்போம். பிரெஞ்சில் ஐயா என்று பொருள். உயரமாக, ஒல்லியாக இருப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டையும் பெல்ட்டும் இருக்கும். நிறம் நல்ல கறுப்பு, என்னைவிட இரண்டு பூச்சு கூடுதல். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் தன்னைத் தமிழர் என்றோ இந்தியர் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர் என்றுதான் சொல்லுவார். சட்டப்படி அது சரியும்கூட.

பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், சாதி வழக்கங்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறோம் என்று சில குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. அப்படிப் போட்டவர்கள் பிரெஞ்சில் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். முசியேயின் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் பாரிஸ் ரொட்டிக்கடைக்காரர் பெயர்போல ஒரு பெயர். ஆளைப் பார்க்காமல் பெயரை மட்டும் படித்தால் நீலக் கண்ணும் நரைத்த மீசையுமாகத்தான் ஓர் உருவம் தோன்றும். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஸ்டோர்ஸில் வேலை பார்த்து, பென்ஷனோடு வெளியே வந்தவர். மகனுக்கு மெல்பனில் வேலை கிடைத்ததால் மனைவியோடு இங்கே வந்தார்.

அந்த ஸ்டோர்ஸ் புத்தி அவரை விடவே இல்லை. அவர் வீட்டுக் கராஜில் திருப்புளி தொங்கும் இடத்தில் திருப்புளியின் படம் வரைந்திருக்கும், சுத்தியல் தொங்கும் இடத்தில் சுத்தியலின் படம். பொருளை எடுத்தால் சுவரில் அதன் நிழல் மட்டும் காத்திருக்கும். "எதுக்கும் ஒரு இடம் உண்டு தம்பி. இடம் மாறினாத்தான் குழப்பம்" என்பார். இதைத் திருப்புளியோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ராணுவத்தில் இருந்தபோது, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற சாமான்களில் ஒரு புத்தகம் கிடந்ததாம். எழுதியவர் பிரான்சில் தீவிர வலதுசாரிகளுக்கெல்லாம் வாத்தியார். முசியே அவரைக் குருநாதர் என்பார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் குருநாதரின் வரலாற்றை என்னைப்போல் அறிந்த சாப்ட்வேர்க்காரன் தென்கோளத்திலேயே இருக்க மாட்டான். முசியேக்குக் கண்புரை அறுவை ஆனபின் மருத்துவரிடமும் மீன்கடைக்கும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் பாடம் நடக்கும்.

குருநாதர் இளமையில் போஸ்டர் ஒட்டி, எதிர்க்கட்சி மாணவர்களோடு தெருவில் அடிபிடி செய்து, மூக்கு உடைபட்டவர். உடைந்த மூக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மண்டையை உடைப்பதைவிட மண்டைக்குள் நுழைவது லாபம் என்று அவருக்குத் தோன்றியதாம். அதன்பிறகு புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். வெள்ளை உயர்ந்தது, கறுப்பு தாழ்ந்தது என்று பேசுவதை விட்டுவிட்டார். எல்லா மக்களும் அழகு, எல்லாப் பண்பாடும் உயர்வு என்றார். ஆனால் அவரவர் மண்ணில் இருக்கும்வரைதான் அந்த அழகு. கலந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், உலகம் முழுக்க ஒரே குளிர்பானம் குடித்துக்கொண்டு ஒரே ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கும் என்றார்.

"இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு?" என்று முசியே என்னைக் கேட்பார்.

எனக்கு எதிலோ தப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். நான் சிக்னலைப் பார்த்து ஓட்டுவேன்.

குருநாதருக்குக் கிறிஸ்தவமும் ஆகாது. அதுவும் வெளியூரிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததாம், பழைய காட்டுத் தெய்வங்களே மேலாம். முசியேயோ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை மட்டும் மொத்தமாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டார். "பெரியவங்க எல்லா விஷயத்துலயும் சரியா இருக்க மாட்டாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

அவர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்போம். குட்டையாக, உருண்டையாக, எதற்கும் அசராதவர். இத்தனை வருடம் குருநாதரோடும் சேர்த்துக் குடித்தனம் நடத்தியவர் என்பதால் அவருக்கு ஒரு பொறுமை வந்திருந்தது. முசியே மாதம் ஒருமுறை குருநாதருக்கு நீளமாக ஈமெயில் எழுதுவார். எப்போதாவது இரண்டு வரியில் பதில் வரும். ஒருமுறை, உங்களைப் போன்றவர்களால்தான் தூரதேசத்திலும் நம் இனம் உயிரோடு இருக்கிறது என்று வந்தது. முசியே அதைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிஜ்ஜில் ஒட்டிவைத்தார்.

"நம்ம இனம்னா எதுங்க?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"பிரெஞ்சு இனம்."

"ஓ" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி கறிவேப்பிலை கிள்ளத் தோட்டத்துக்குப் போனார்.

ஒருநாள் மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியவரும் அங்கே இருந்தார், சண்டைக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தப்பி வந்தவர். முசியே அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகுந்த அன்போடு, "உங்க இடம் மன்னார்தான். உங்க கடல், உங்க கோயில், உங்க மீன். இங்க எதுக்கு இருக்கீங்க? மனுஷன் அவன் மண்ணுல இருந்தாத்தான் மரியாதை" என்றார்.

மன்னார்ப் பெரியவர் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். "ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறது சரிதான். என்ர வீட்டில ஆமி இருக்கு. நீங்கள் ஒருக்காப் போய் அவையள அங்கயிருந்து எழுப்பிவிட்டால் நான் நாளைக்கே போறன்" என்றார். பிறகு திரும்பவும் வடையை எடுத்துக்கொண்டார்.

முசியே காரில் திரும்பும்போது, "நல்ல மனுஷன். ஆனா அது தனி விஷயம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒத்துவராத எல்லாமே தனி விஷயம்தான். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மறுநாள் அவர் மன்னார்ப் பெரியவர் வீட்டு வேலியைப் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டபோது, அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிரான்சில் தேர்தல் வந்தால் இங்கே நகரத்துக்குள் வாக்குச்சாவடி வைப்பார்கள். முசியே டை கட்டிக்கொண்டு போவார், ஓட்டுவது நான். ஒருமுறை வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, இது விசா வரிசை இல்லை என்று அன்பாக எடுத்துச் சொன்னாராம். முசியே வாக்காளர் அட்டையைக் காட்டினாராம். "உங்களுக்குக் கோவம் வரலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம்? அவங்க விழிப்பா இருக்காங்க. இப்படித்தான் இருக்கணும்" என்றார். உள்ளே போய், வந்தேறிகளை அனுப்பவேண்டும் என்கிற கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் குருநாதர் ஆஸ்திரேலியா வருகிறார் என்ற செய்தி வந்தது. ஐரோப்பியப் பாரம்பரியத்துக்காக இங்கே ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதன் செயலாளர் தாடி வைத்த ஓர் இளைஞர். முசியேயோடு அவருக்கு ஈமெயில் பழக்கம் மட்டும்தான், நேரில் பார்த்ததில்லை. சிட்னியில் ஒரு கூட்டம், மெல்பனில் ஒரு கூட்டம். மெல்பன் கூட்டத்தில் குருநாதரை அறிமுகம் செய்துவைக்க முசியே பேச வேண்டும் என்று குருநாதரே கேட்டிருந்தார். முசியே பதிலுக்கு, என் வீட்டிலேயே தங்குங்கள் என்று எழுதினார். குருநாதர் சம்மதித்தார். கூட்டத்துக்கு நாங்கள் பொங்கல் கொண்டாடும் அதே ஹாலை முசியேதான் பதிவு செய்தார்.

ஒரு மாதம் அவர் அந்த அறிமுக உரையை எழுதினார், திருத்தினார், காரில் எனக்குப் பேசிக்காட்டினார். எனக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் மட்டும் பிரெஞ்சுக்காரராக இருந்தவர், ஒரே ஒருநாள், நாலு பேர் முன்னால், தன் குருவின் பக்கத்தில் நின்று அப்படி இருக்க ஆசைப்பட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. "முசியே, நீங்க எப்படி இருப்பீங்கன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எப்படின்னா?"

"இல்ல... போட்டோ எதாவது அனுப்பிச்சிருக்கீங்களா?"

"அவர் கேக்கலையே. நான் என்ன பொண்ணா பாக்கப் போறேன்?" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விமான நிலையத்துக்கு அவர் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தார். குருநாதரின் பெயரை அழகான எழுத்தில் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். குருநாதர் வெளியே வந்தார். சின்ன உருவம், வெள்ளைத் தலை, கழுத்தில் துண்டு, மூக்கு நிஜமாகவே கோணல். அட்டையைப் பார்த்தார். நேராக வந்து பெட்டியின் கைப்பிடியை முசியே கையில் கொடுத்தார், கோட்டை என் கையில் கொடுத்தார். பிறகு ஆங்கிலத்தில், "முசியே எங்கே? காரில் இருக்கிறாரா?" என்று குடும்பப் பெயரையும் சேர்த்துக் கேட்டார்.

ஒரு காருக்கு இரண்டு டிரைவர் வந்திருக்கிறார்கள் என்பதுகூட அவருக்கு விநோதமாகப் படவில்லை. முசியே பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தார்.

குருநாதர் பின் இருக்கையில், நாங்கள் இருவரும் முன்னால். ஃப்ரீவேயில் பாதித் தூரம் போனபின் குருநாதர், உங்கள் முதலாளி வீடு இன்னும் தூரமா என்றார். அப்போது முசியே திரும்பி, நெஞ்சில் கைவைத்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதில் அவருடைய பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. கண்ணாடியில் குருநாதரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் முதலில் முசியேயைப் பார்த்தது, பிறகு ஜன்னலைப் பார்த்தது, அதன்பிறகு ஜன்னலை மட்டுமே பார்த்தது. கடைசியில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். முசியே ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

பெட்டியை இறக்கும்போது, "என்ன கேட்டார்?" என்றேன்.

"உங்க பிரெஞ்சு ரொம்ப நல்லா இருக்கு, எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுலன்னு சொன்னேன்."

சாப்பாட்டு மேசையில் ஆன்ட்டி என்னையும் உட்காரவைத்தார். பரிமாறுகிற சாக்கில் என் பக்கம் வரும்போதெல்லாம் அவர்கள் பேசுவதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் குழம்பில் வடகம் தாளித்திருந்தது. குருநாதர் கண்ணை மூடி ருசித்தார்.

"இது பிரெஞ்சு மசாலாவாம்" என்றார் ஆன்ட்டி என் காதருகில். "பாரிஸ்ல குருநாதரோட அண்ணன் பொண்ணு கடையில வாங்குதாம். வெங்காயத்தை இடிச்சு உருட்டி எங்கம்மா மொட்டைமாடியில காயவெச்சு அனுப்பினதுன்னு சொல்லவா? வேணாம், பாவம், தின்னுட்டுப் போவட்டும்."

குருநாதர் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார். தட்டு காலியானபின் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், மிகவும் மரியாதையாகப் பேசத் தொடங்கினார். ஆன்ட்டி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இம்முறை அவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை. முசியே தலையை மட்டும் ஆட்டினார். குருநாதர் எழுந்து படுக்கப் போனபின்தான் ஆன்ட்டி சொன்னார்.

"நாளைக்கு இவரு மேடையில பேச வேணாமாம். அந்தத் தாடிப் பையனே பேசட்டுமாம். நான் சொல்ற விஷயமே கஷ்டம், பக்கத்துல உங்களைப் பாத்தா கேக்க வர்றவங்க குழம்பிடுவாங்க, கருத்து நல்லா போய்ச் சேரணும்னா நீங்க விட்டுக்குடுக்கணும்னு சொல்றாரு."

நான் முசியேயைப் பார்த்தேன். அவர் குருநாதரின் தட்டை எடுத்து, மீன் முள்ளை ஒதுக்கி, சிங்க்கில் போட்டார். "அவர் சொல்றது நியாயந்தான். கொள்கைப்படி நியாயந்தான்" என்றார். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் எனக்கு முன்னால் ஹாலுக்குப் போய் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஹாலில் எந்தக் கூட்டமென்றாலும் நாற்காலி போடுவது அவர்தான். தாடி இளைஞர் வந்தார். முசியேயை ஹால் வேலையாள் என்று நினைத்து, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவைக்கச் சொன்னார். முசியே கூட்டிவைத்தார். மேடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசைமேல் அவர் கையால் எழுதிய இரண்டு அட்டைகள். ஒன்றில் குருநாதர் பெயர், இன்னொன்றில் அவருடைய பெயர். தாடி இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, "அவர் வரவில்லை என்றார்களே, வந்துவிட்டாரா? ரொம்ப சந்தோஷம்" என்றார்.

ஹாலில் முப்பது நாற்பது பேர் சேர்ந்தார்கள். பாதிப்பேர் கொள்கைக்காக, பாதிப்பேர் தேநீருக்காக. நானும் ஆன்ட்டியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மணி ஆனதும் முசியே கோட்டை மாட்டிக்கொண்டு, படியேறி, தன் பெயர் இருந்த அட்டைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தாடி இளைஞர் ஓடிவந்து குனிந்தார். அந்த நாற்காலி ஒரு முக்கியமான பிரெஞ்சு அன்பருக்கு ஒதுக்கியது என்று சொல்வது எங்களுக்கே கேட்டது. முசியே உள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். இளைஞர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு குருநாதரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். குருநாதர், வேண்டாம், விடு என்பதுபோல் கையை அசைத்தார். எல்லோர் முன்னாலும் ஒரு கிழவரைக் கையைப் பிடித்து இறக்க முடியுமா?

இளைஞர் மூன்று வாக்கியத்தில் அறிமுகத்தை முடித்தார். குருநாதர் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசினார். ஒரு பெயர், ஒரு மண், ஒரு ரத்தம், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் மனிதன் முழுமையானவன் என்றார். பக்கத்தில் அந்தப் பெயரின் பின்னால் முசியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் குருநாதரைக் கேட்டது, ஆனால் பார்த்ததெல்லாம் முசியேயை. ஆன்ட்டியின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. தேநீருக்காக வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எழுந்தார். "நீங்கள் சொன்னதெல்லாம் ஓரளவு புரிந்தது. பக்கத்தில் இருப்பவரை எதற்கு உதாரணமாக உட்காரவைத்திருக்கிறீர்கள் என்பது மட்டும் புரியவில்லை" என்றார்.

குருநாதர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியானபிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

முசியேதான் எழுந்தார். "மேடம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் மேலே வந்து உட்கார்ந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். ஹாலே சிரித்தது. பாட்டி, மிக்க நன்றி என்று சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

அன்றிரவு குருநாதர் முசியே வீட்டுக்கு வரவில்லை, அந்த வட்டத்துக்காரர்கள் மோட்டலில் தங்கவைத்துவிட்டார்கள். நாங்கள் மூவரும் காரில் திரும்பினோம்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா முசியே?" என்றேன்.

"அவர் புதுசா எதுவும் சொல்லலையே தம்பி. எத்தனையோ வருஷமா நான் எல்லாருக்கும் சொன்னதைத்தான் சொன்னார். எங்கிட்ட யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் போனபின், "வலிக்குதுய்யா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. ஆன்ட்டி பின் இருக்கையிலிருந்து எட்டி அவர் தோளில் கைவைத்தார்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது அவரே மறுபடி பேசினார். "ஒண்ணு கவனிச்சியா? ஒரு மணி நேரம் பேசினார். என் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பலை. அந்தப் பக்கமே வெச்சுக்கிட்டு இருந்தார். இந்நேரம் கழுத்து பிடிச்சிருக்கும்."

ஆன்ட்டி அடக்கமாட்டாமல் சிரித்தார். அதைக் கேட்டு நான் சிரித்தேன். முசியே மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார்.

குருநாதரின் பெட்டி முசியே வீட்டிலேயே இருந்தது. மறுநாள் அதை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நான் காரை ஓரமாக நிறுத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன், முசியே பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவருகே குருநாதர் நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கையை நீட்டினார். முசியே கையைக் குலுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தார், தன் கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். குருநாதர் நிமிர்ந்தார், அத்தனை தூரத்திலிருந்தே அவர் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றேன், காரில் ஏறியதும்.

"ஒரே பக்கமா வெச்சிருந்தா இப்படித்தான் பிடிச்சுக்கும், ராத்திரி நல்லா தேய்ச்சுட்டுப் படுங்கன்னு சொன்னேன்."

வீட்டு வாசலில் ஆன்ட்டி காத்திருந்தார். "வாங்கிக்கிட்டாரா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கிட்டார்" என்றார் முசியே, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு. "என் முகத்தைப் பாத்து வாங்கிக்கிட்டார்."